மனச்சோர்வும் கல்வி விடுப்பும்

 

மனச்சோர்வுற்றுக் கல்லூரியிலிருந்து இடையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், "ஈமான் குறைந்துவிட்டதா?" எனக் கேட்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அது தகாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் பேராசிரியராக விளங்கியவர்கள். கி.பி. 1095-இல் பாடம் நடத்த நா எழவில்லை, உணவும் செல்லவில்லை. உள்ளத்தின் துயரே உடலில் இறங்கியுள்ளது என மருத்துவர்கள் கூறியதை அவர்களே எழுதிவைத்துள்ளார்கள். பதவியைத் துறந்து வெளியேறினார்கள். 1106-இல் நைசாப்பூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். அந்நிலைக்கு இன்றைய நோயின் பெயரை நாம் சூட்டவில்லை. எனினும், அவர்களின் ஈமானில் குறை காண்போர் உண்டா?

எனவே பெற்றோர்களே! துயரமும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். பிள்ளை சொல்லாமல் வகுப்பை விட்டு நின்றால் வருகைப் பதிவு குறைந்து தேர்வெழுதும் வாய்ப்பும் போகும். ஆகவே மருத்துவச் சான்றுடன் எழுத்து மூலம் விடுப்புப் பெறுங்கள். மீண்டும் சேரும் விதிமுறையையும் அப்போதே கேட்டறியுங்கள். அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416; 2022 முதல் இரவு பகலாக இயங்குகின்றது.

ஓராண்டு தாமதமாகப் பெறும் பட்டம் பட்டமே. பிள்ளையை இழந்தபின் பட்டம் எதற்கு? அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஷிஃபா அளிப்பானாக! ஆமீன்.