பிறக்கிராசியாரின் கிளாக்கர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



சட்டத்துறையில் இளைஞர்க்குள்ள உத்தியோக வாய்ப்புகள் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். சட்டத்துறை என்றதும் நம்மவர் மனத்திலே தோன்றுவது கறுப்பு அங்கி தரித்த அப்புக்காத்துவின் உருவம். அந்த அங்கிக்குப் பின்னால் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு நிற்பவரை எவரும் நினைப்பதில்லை. யான் பேசவந்தது அவரைப் பற்றியே.

அவருக்கு நம் ஊரிலே பழைய பெயர் ஒன்றுண்டு: பிறக்கிராசியாரின் கிளாக்கர். 1974ஆம் ஆண்டு தொடக்கம் பிறக்கிராசி, அப்புக்காத்து என்ற பேதம் ஒழிந்து இருசாராரும் சட்டத்தரணிகள் ஆயினர். கிளாக்கர் மட்டும் கிளாக்கராகவே இருக்கிறார். பிறநாடுகளில் இவரைப் 'பாராலீகல்' என்கின்றனர். தமிழிலே சட்டத்துணையாளர் என்னலாம். நீதிமன்றிலே எழுந்து வாதாடவோ, நொத்தாரிசாக உறுதி முடிக்கவோ இவருக்கு அதிகாரமில்லை. அவற்றுக்கு முன்னும் பின்னும் கிடக்கும் வேலையிற் பெரும்பகுதி இவர் கையிலேதான்.

அவ்வேலை எத்தகையது என்பதற்குக் காணி உறுதியையே எடுத்துக்கொள்வோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிடிற் செல்லாது. அவ்வாறு முடிக்கும் உறுதியில் மூலம் காணிக்காரரிடம் போகும். ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும். இன்னொன்று காணிப் பதிவுக் கந்தோருக்குச் சேரும். ஆகவே இடப்பெயர்வில் றங்குப் பெட்டியோடு உறுதியைத் தொலைத்தவர் காணியையே தொலைத்தவராகார். ஆனால் இதனை அவருக்கு யார் சொல்வது? உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தாற் பிரதி எடுப்பது எளிது. தெரியாதபோதுதான் கிளாக்கரின் கெட்டித்தனம் வெளிப்படும். அயற்காணிக்காரரின் உறுதியில் எல்லை குறித்த இடத்தைப் பார்ப்பார். தமக்கையின் சீதன உறுதியைக் கேட்டு வாங்குவார். அங்கே கிடைக்கும் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டுவார். காணி முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்றும் பிரித்தறிய வேண்டும். யார் யார் ஒப்பமிட வேண்டும் என்பது தேசவழமையில் அதனைப் பொறுத்தது. பட்டப்படிப்பிலே இவ்வளவு நுட்பமான வேலை எனக்கு இன்னும் தரப்படவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

காணி போகட்டும். இன்னும் கனமான விஷயம் ஒன்று உண்டு. யுத்த காலத்தில் மகனைக் காணாத தாய் ஒருத்தி வங்கிக் கணக்குக்கோ காணிக்கோ கந்தோர் ஏறினால், மரணச் சான்றிதழைக் கொண்டுவா என்பார்கள். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அதைப் பெற வழி செய்தது உண்மையே. ஆனால் மகன் இறந்தான் என்று தன் கையாலே எழுதிக் கொடுக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இறந்தான் என்று சொல்லாமல், காணாமற்போயுள்ளான் என்று மட்டும் கூறும் சான்றிதழைப் பெறலாம் என்றாயிற்று. அப்படியொரு கடதாசி உண்டு என்று சொல்ல அயலில் ஒருவர் இருந்தால், மனம் ஒவ்வாத பத்திரத்திலே அவள் கையொப்பம் வைக்க நேராது. சட்டத்தரணியின் வாசலுக்குப் போகக் காசும் துணிவும் இல்லாதவர்க்கு இந்த ஒருவர் அவசியம்.

பிறநாட்டார் இதை உணர்ந்திருக்கின்றனர். தென்னாபிரிக்காவிலே நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில், அனுமதிப் பத்திரச் சட்டங்களில் அகப்பட்ட கறுப்பின மக்களுக்கு வழிசொல்ல ஆலோசனை நிலையங்கள் நடத்தப்பட்டன. சியெரா லியோன் என்னும் சிறிய ஆபிரிக்க நாடு 2012ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்திலே, ஒவ்வொரு தலைமைப் பிரிவிலும் ஒரு சட்டத்துணையாளர் இருக்க வேண்டுமென்று எழுதிவைத்தது. நம்மிடம் 1978இல் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் மத்தியஸ்த சபைகளும் உண்டு. அச்சபைகளிலே கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி தோன்ற முடியாது. ஏழை தன் வழக்கைத் தானே சொல்ல வேண்டும். கடதாசிகளை ஒழுங்குபடுத்திச் சொல்லவேண்டியதை முன்னரே தெளிவாக்கிக் கொடுக்க ஒருவர் இருந்தால் அவன் தடுமாறமாட்டான்.

இனி வருவாய். இதில் நான் உங்களுக்கு ஆசை காட்டப் போவதில்லை. சட்டத்தரணியின் கந்தோரில் ஆரம்பச் சம்பளம் சொற்பம். ஓய்வூதியம் என்ற பேச்சே அரிது. ஆயின் அங்கே இரண்டு மூன்று ஆண்டு பழகியவரை வங்கிகளின் சட்டப் பிரிவும், காப்புறுதி நிறுவனங்களும், கம்பனிச் செயலாளர் கந்தோர்களும் விரும்பி எடுக்கின்றன. மூன்று மொழியும் அறிந்தவருக்கு மதிப்பு மேலும் அதிகம். வடக்கிலே நீதிமன்றம் தமிழில் நடந்தாலும், கொழும்பிலிருந்து வரும் கடிதம் சிங்களத்தில் வருவதுண்டு. பழைய தீர்ப்புகளோ ஆங்கிலத்தில். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த ஆங்கிலம் மட்டும் இதற்குப் போதாது. சிங்களம் படியுங்கள் என்று தயங்காமற் சொல்வேன்.

மேலே போகவும் வழி உண்டு. 1874இல் தொடங்கிய சட்டக்கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை எழுதலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சட்டப் பட்டம் படிக்கலாம். கிளாக்கர் மேசையிலிருந்து அங்கே போகிறவருக்கு உறுதியும் பிராதும் புதியவை அல்ல.

பெரியோர்களிடம் ஒரு முறைப்பாடு. பொடியன் கிளாக்கர் வேலைக்குப் போகிறான் என்றால், சோதனை தவறியதால் என்று நினைக்கிறீர்கள். கலியாணப் பேச்சிலும் அதை மறைத்து "கோட்டிலே வேலை" என்கிறீர்கள். பெண்பிள்ளைகளை அனுப்பவும் தயங்குகிறீர்கள். காணாமற்போன பிள்ளையைப் பற்றிப் பேசவரும் தாய்க்கோ ஒரு பெண்ணிடம் பேசுவதுதான் இலகு.

ஆகையால் நிர்வாக சபைக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை தோறும் காலையில் நமது மண்டபத்தின் ஒரு மூலையை ஒதுக்கித் தாருங்கள். ஒரு மேசை, நான்கு கதிரை, ஒரு நிழற்பிரதி இயந்திரம் போதும். பிறப்புப் பதிவு, உறுதிப் பிரதி, தகவல் அறியும் விண்ணப்பம் ஆகிய மூன்றோடு தொடங்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். பழகுவோர்க்கு அது நல்ல முதற்பாடம். சட்டத்தரணிகளாயிருக்கும் நம் அங்கத்தவருள் ஒருவர் மேற்பார்வைக்கு இசைய வேண்டும். அவரில்லாமல் தொடங்க வேண்டாம். எழுதத் தெரிந்த எட்டுப் பேரின் பெயரைச் செயலாளரிடம் இன்று மாலையே கொடுக்கிறேன். அதில் என் பெயரும் உண்டு.