மூத்தாப்பாவும் பேரப்பிள்ளையும் கட்டும் மரக்கலம்

 

 

கலேவெலயில் வாழும் நமக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நம்மூரை ஊடறுத்துச் செல்லும் பிரதான வீதி தம்புள்ள, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைத் துறைமுகம் வரை சென்றாலும், அந்தக் கடலைக் காண நாம் நூறு கிலோமீற்றருக்கும் மேலாகப் பிரயாணம் செய்ய வேண்டும். நம் பிள்ளைகள் அறிந்த பெரிய நீர்ப்பரப்பு தேவஹுவ குளமே. ஆயினும் சிங்கள மக்கள் நம்மை நெடுங்காலமாக 'மரக்கல மினிஸ்ஸு' என்று அழைத்து வந்துள்ளனர். மரக்கல மனிதர் என்பது அதன் சொற்பொருள். இன்று சிலர் அதனை ஏளனமாகச் சொல்லக் கூடும். அதில் நாம் வெட்கப்பட எதுவும் இல்லை. துறைமுகங்களில் இறங்கிய உப்பையும் கருவாட்டையும் துணிமணிகளையும் பொதிமாடுகளில் ஏற்றி, தவளம் என்ற பெயரில் கண்டி இராச்சியத்தின் உட்பகுதிகளுக்குக் கொண்டு சென்றோரில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். மாடு போய் லொறி வந்தது. லொறியும் கடையுமாக வாழ்க்கை மாறியது. பெயரில் மட்டும் மரக்கலம் எஞ்சி நிற்கிறது.

அந்த மரக்கலத்தை ஒன்றரைச் சாண் நீளத்தில், வீட்டு விறாந்தையிலேயே, மூத்தாப்பாவும் பேரப்பிள்ளையும் சேர்ந்து கட்டுவது பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இதில் என்ன மார்க்க விடயம் இருக்கிறது என்று அவசரப்பட்டு எண்ணிவிடாதீர்கள். நம்மில் பலருடைய வீடுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாப்பா கட்டாரிலோ குவைத்திலோ இருக்கிறார். சில வீடுகளில் உம்மாவும் இல்லை. பிள்ளையை வளர்ப்பவர்கள் மூத்தாப்பாவும் மூத்தம்மாவுமே. விறாந்தையின் ஒரு மூலையில் சாய்மனைக் கதிரையில் அவர். மறு மூலையில் கையடக்கத் தொலைபேசியுடன் பிள்ளை. அவர் எதையேனும் சொன்னால் பிள்ளை 'ஓ' என்கிறது, தலை நிமிர்வதில்லை. அவரோ, பேச்சு நிலைக்க வேண்டுமென்று உபதேசத்தைத் தொடங்குகிறார். குனிந்த தலைக்குச் செய்யப்படும் உபதேசம் எங்கே போய்ச் சேரும்? ஒரே கூரையின் கீழ் இருவர் அந்நியராகி வருகின்றனர். பரீட்சைப் பெறுபேறு குறைந்தால் பதறும் நாம், இதற்குப் பதறுவதில்லை.

நம் தலைவர் நபி (ஸல்) அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் நடந்துகொண்ட முறையை நீங்கள் அறிவீர்கள். ஸுஜூதில் இருக்கையில் பேரர் முதுகில் ஏறிக்கொண்டபோது, அவர் தாமாக இறங்கும் வரை ஸுஜூதை நீட்டினார்கள். மகள் ஸைனப் (ரலி) அவர்களின் மகள் உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுகை நடத்தினார்கள். அது பேத்தி என்பதைக் கவனியுங்கள். கப்பல் கட்டுவது ஆண்பிள்ளைகளின் வேலை என்று எண்ணிப் பெண்பிள்ளையை எழுப்பி அனுப்பிவிட வேண்டாம்.

உருவங்களை வீட்டில் வைக்கலாமா என்று சிலர் கேட்பர். அது நியாயமான கேள்விதான். தடுக்கப்பட்டது உயிருள்ளவற்றின் உருவம். உருவம் வரைவதே தன் பிழைப்பு என்று வந்த ஒருவரிடம், மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியது புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டிலும் பதிவாகியுள்ளது. கப்பல் உயிரற்றது. அதன் மீது மனித உருவங்களை நிறுத்தாமல் விட்டால் இந்தச் சந்தேகத்திற்கு இடமேயில்லை.

எந்தக் கப்பலைக் கட்டுவது? வெளிநாட்டுப் பெட்டிகளில் வரும் போர்க்கப்பல்கள் விலை அதிகம். அவற்றுக்காகப் பணத்தை இறைப்பதை நான் சொல்லவில்லை. நமக்கு நெருக்கமான ஒரு கப்பல் உண்டு. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே கடலடியில் ஒரு கப்பற்சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீனாவிலிருந்து ஏறத்தாழ அறுபதாயிரம் மட்பாண்டங்களை ஏற்றி வந்த கப்பல் அது; அரபுக் கடலோடிகளின் கட்டுமுறையில் அமைந்தது. பலகைகள் ஆணியால் அறையப்படவில்லை, கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அதனை ஆதாரமாகக் கொண்டு ஓமான் நாட்டினர், 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்ற பொருள்படும் பெயரில், தென்னை நார்க்கயிற்றால் தைத்த ஒரு கப்பலைக் கட்டி, 2010 பெப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து அனுப்பினர். அது கொச்சியிலும் நமது காலித் துறைமுகத்திலும் தரித்து, அவ்வாண்டு ஜூலையில் சிங்கப்பூரை அடைந்தது. அந்நாட்டுக்கு அன்பளிப்பாகவும் வழங்கப்பட்டது.

கப்பலின் நீளம் 18 மீற்றர், அகலம் ஆறரை மீற்றர். ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் 36 சென்ரிமீற்றர், அகலம் 13 சென்ரிமீற்றர். இந்தக் கணக்கை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். பாடசாலை அடிமட்டத்தை எடுத்து வந்து பிள்ளையே செய்யட்டும். பின்னர்தான் உண்மையான சோதனை வரும். பிள்ளை பெரிய கொடி ஒன்றை ஏற்றக் கேட்கும். கையளவு கொடி இந்தக் கப்பலில் நான்கைந்து மீற்றர் அகலமாகிவிடும் என்று மூத்தாப்பா கணக்கிட்டுக் காட்ட வேண்டும். வீட்டுத் தையல் நூலும் இங்கே தடித்த கயிறாகிவிடும். எல்லாவற்றையும் ஐம்பதில் ஒன்றாகக் குறைத்துவிட்டு, தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் குறைக்காமல் விட முடியாது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் ஸூராவை ஓதிக் கொடுத்த பின்னும் பிள்ளைக்கு விளங்காத ஒன்று, ஒரு கொடியை வெட்டிக் குறைக்கும்போது விளங்கிவிடக் கூடும்.

பொருட்களுக்கு அலைய வேண்டியதில்லை. தச்சுப் பட்டறையில் வீசப்படும் மெல்லிய சீவல்கள், ஐஸ்கிரீம் குச்சிகள், கடதாசி மட்டை, நூல், பசை, இவை போதும். அடிமரத்தின் மீது மூன்று சென்ரிமீற்றருக்கு ஒன்றாக மட்டையில் வெட்டிய குறுக்கு வடிவங்களை நிறுத்துங்கள். குச்சிகளை வெந்நீரில் ஊறவைத்து மெதுவாக வளைத்து, இருபுறமும் சமமாக, கீழிருந்து மேலாக ஒட்டி வாருங்கள். ஒருபுறத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபுறம் போனால் அடிமரம் கோணிவிடும். கத்தி மூத்தாப்பாவின் கையில் மட்டும் இருக்கட்டும். பலகைகளின் ஓரத்தில் ஊசியால் துளையிட்டு நூலைக் கோக்கும் வேலை வரும்போது, நான் சொல்ல வந்த விடயமும் வந்துவிடுகிறது.

ஊசிக் காதில் நூல் கோக்க மூத்தாப்பாவின் கண்ணால் முடியாது, பிள்ளையால் முடியும். பசை காயும் வரை பலகையை அசையாமல் பிடித்திருக்கப் பிள்ளையால் முடியாது. எழுபது வருடம் பொறுத்திருந்த கைகளால் முடியும். ஒருவரில்லாமல் மற்றவரால் முடிக்க இயலாத வேலை இது. உபதேசத்தில் ஒருவர் மேலே, மற்றவர் கீழே. இங்கே இருவரும் ஒரே பலகையின் இரு முனைகளில் இருக்கின்றனர். கைகள் வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. எவரும் கேட்காமலே மூத்தாப்பா தம் இளமைக் காலத்தைச் சொல்கிறார்; பிள்ளை, வாப்பாவிடமும் சொல்லாத வகுப்பறைக் கவலையைச் சொல்கிறது.

ஹிஜ்ரி 745இல், அதாவது 1344இல், நமது தீவுக்கு வந்து பாவா ஆதம் மலைக்கும் ஏறிய இப்னு பதூதா, ஆணிக்குப் பதிலாகக் கயிறு ஏன் என்று தமது பயண நூலில் விளக்கியுள்ளார். ஆணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த கப்பல் சற்று நெகிழ்ந்து கொடுத்துத் தப்பிவிடும். நூஹ் (அலை) அவர்களின் கப்பலைக் குறிப்பிடும் ஸூரா அல்-கமரில் வரும் 'துஸுர்' என்ற சொல்லுக்கு ஆணிகள் என்பதே பெரும்பாலான விரிவுரையாளர்களின் கருத்து. எனினும், பலகைகளைப் பிணைக்கும் ஈச்சநார்க் கயிறு என்ற பொருளையும் அரபு அகராதிகள் தருகின்றன. நம் வீட்டில் நாம் பிள்ளைகளை எதனால் பிணைத்து வைத்திருக்கிறோம் என்பதைப் பெற்றோர்கள் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இடையில் புகுந்து பிள்ளையின் கோணலான பலகையைத் திருத்திவிடாதீர்கள். படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பி, அதனைப் போட்டியாக்கிவிடவும் வேண்டாம். பாங்கு சொன்னால் பசைப் போத்தலை மூடிவிட்டு இருவரும் சேர்ந்து எழுந்து பள்ளிக்கு வரட்டும். ஈரப் பலகை காத்திருக்கும். பாடசாலை விடுமுறையில் காலிக்குப் போக வாய்த்தால், கோட்டையிலுள்ள கடல்சார் நூதனசாலைக்கு மூத்தாப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். அன்று விளக்கம் சொல்பவர் அவராகவே இருப்பார்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரும் ஒன்பது வயதுப் பேரனும் இவ்வாறு ஒரு கப்பலைக் கட்டுகின்றனர். வாப்பா கட்டாரில் சாரதி. முன்பெல்லாம் அவர் அழைத்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தொலைபேசியை உம்மாவிடம் கொடுத்துவிடும் பிள்ளை, இப்போது கப்பலைக் கெமராவின் முன் திருப்பித் திருப்பிக் காட்டி எத்தனையாவது பலகை என்று கணக்குச் சொல்கிறது. பலகை வேலை றமழானுக்கு முன்பே முடிந்துவிட்டது. பாய்மரமும் சீவித் தயாராக அலுமாரியின் மேல் கிடக்கிறது. வாப்பா லீவில் வந்து இறங்கும் வரை அதனை நாட்டக் கூடாது என்று பிள்ளை சொல்லிவிட்டது. மூத்தாப்பாவும் சரி என்றுவிட்டார்.