மொட்டையாய்க் கிடந்த மலை

எனக்குப் பின்னால் தெரிவது சியோல் நகரத்துப் புகான்சான் மலை. உச்சி 836 மீட்டர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே என் ஊர் பெரியகல்லாற்று மணலில் வளர்ந்தவனுக்கு இது பெரிய ஏற்றம்தான்.

என்னை இங்கே இழுத்து வந்தவன் என்னோடு வேலை செய்யும் ஒரு பிலிப்பினோ. 2004 ஆகஸ்டில் கொரியா வெளிநாட்டவருக்குத் தொழில் அனுமதி முறையைத் தொடங்கியபோது முதலில் வந்திறங்கியதும் அவர்கள் ஆட்கள்தான். இலங்கையர் நாங்களும் அதே வழியால் வந்தவர்கள். அவன் ஞாயிறென்றால் ஹெஹ்வா கோயிலில் பூசை கண்டு, வாசலில் கூடும் தங்கள் சந்தையில் வயிறார உண்டு, நேரே மலைக்கு வந்துவிடுவான்.

ஏறும்போது ஒரு கொரியக் கிழவரிடம் கேட்டேன், இந்தக் காடு எத்தனை நூற்றாண்டுப் பழசு என்று. சிரித்தார். "என்னைவிட இளசு" என்றார்.

உண்மைதான். ஜப்பான்காரன் ஆண்ட 1910 முதல் 1945 வரை வெட்டியது போக, மிச்சத்தை 1950இல் தொடங்கிய போர் தின்றது. அதைவிடப் பெரிய பசி அடுப்புக்கு. கொரிய வீடுகளில் தரைக்கு அடியால் சூட்டைச் செலுத்திக் குளிர்காய்வார்கள். ஒண்டோல் என்று பெயர். அன்று அதற்கு விறகு வேண்டியிருந்தது. மலைகள் மொட்டையாயின. மழை பெய்தால் மண் சரிந்தது, ஆறு பெருகியது.

1973இல் ஜனாதிபதி பார்க் சுங் ஹீயின் ஆட்சி பத்தாண்டுத் திட்டம் போட்டு ஊர் ஊராக மரம் நட வைத்தது. விறகு பொறுக்க மலையேறுவதும் தடை. இலக்கை 1978இலேயே எட்டிவிட்டார்கள். எல்லாரும் நட்ட கையைத்தான் புகழ்கிறார்கள். என் கணக்கில் பாதிப் புகழ் நிலக்கரிக் கட்டிக்குச் சேர வேண்டும். விறகுக்குப் பதில் அதை எரித்ததால்தான் கன்றுகள் தப்பின. அதன் நச்சு வாயுவில் தூக்கத்திலேயே செத்தவர்களும் நிறையப் பேர். காடு சும்மா வரவில்லை.

இந்தப் புகான்சான் மலைமேல் உள்ள கோட்டை மதில் 1711இல் கட்டியது. 1968இல் வடகொரியக் கமாண்டோக்கள் 31 பேர் ஜனாதிபதி மாளிகையைத் தாக்க இந்த மலைகள் வழியாகத்தான் இறங்கினார்கள். அதனால் மூடிய ஊய்ரியோங் பாதை 2009இல்தான் திறந்தது. மலை தேசியப் பூங்காவானது 1983இல்.

கொரியாவில் நிற்கிற தம்பிமாரே, ஞாயிறு முழுக்க ரூமில் படுத்துக் கிடக்காதீங்க. 2007இலிருந்து நுழைவுக் கட்டணம் இல்லை. அடிவாரம் வரை ரயில் வருகிறது. சப்பாத்து மட்டும் நல்லதாய்ப் போடுங்க. உச்சியில் வெறும் பாறை, கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.