எதிராளி எழுந்து வரட்டும்

(இருக்கன்குடியில், ஓர் உடற்கல்வி ஆசிரியரின் நினைவு அறக்கட்டளை சார்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் நினைவாகப் பேச வேண்டும் என்றதும், நான் கபடியையோ கிரிக்கெட்டையோ எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சைக்கிள் பந்தயத்தைத் தேர்ந்துகொண்டேன். அதுவும் ஒரே நாளில் முடிந்துவிடுகிற பந்தயம் அல்ல, மூன்று வாரம் நடக்கிற பந்தயம். எதிராளி இல்லாமல் எதிராளியை ஜெயிக்க முடியாத விளையாட்டு இது. அதனால் போட்டி என்றால் என்ன, பண்பு என்றால் என்ன என்ற கேள்விகளுக்கு இதில் கிடைக்கிற பதில் வேறு இடத்தில் கிடைக்காது என்பது என் எண்ணம்.

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903-ல் தொடங்கியது ஒரு செய்தித்தாள். நோக்கம் விற்பனையைக் கூட்டுவது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. இன்றைக்கு அது 21 கட்டங்கள், இடையில் இரண்டு ஓய்வு நாள், மொத்தம் 3,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். ஒவ்வொரு நாளும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். எவருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. 1919-லிருந்து அதுதான் அடையாளம். மூன்று வாரம் ஓட்டியபின் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் வித்தியாசம் சில சமயம் விநாடிக் கணக்கில் வந்து நிற்கும். 1989-ல் அது எட்டே விநாடி.

இதில் முதல் எதிரி காற்று. ஆடி மாதம் இந்த ஊரிலிருந்து மேற்கே சாத்தூருக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கரிசல்காட்டில் மறிக்க ஒரு மரம் கிடையாது, காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அப்போது முன்னால் இன்னொரு சைக்கிள் போனால் நாம் என்ன செய்வோம்? அதன் பின்சக்கரத்தை ஒட்டிக்கொள்வோம். பந்தயக்காரர்களும் அதையேதான் செய்கிறார்கள். நெருக்கமாகப் பின்னால் வருபவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். ஆகவே நூற்றெழுபது, நூற்றெண்பது பேரும் ஒரே கூட்டமாகப் போகிறார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்கிறார்கள். மாலையில் யாரைத் தோற்கடிக்க வேண்டுமோ அவருடைய முதுகின் பின்னால்தான் காலை முழுவதும் ஒதுங்கியிருக்க வேண்டியிருக்கிறது. இந்த நெருக்கடியிலிருந்துதான் எழுதாத சட்டங்கள் பிறந்தன. அவற்றில் பெரியது: எதிராளி விழுந்தால், அவன் எழுந்து வரும்வரை தாக்காதே. தாக்குவது என்றால் இங்கே திடீரென வேகமெடுத்து மற்றவரை விட்டுப் பிரிந்து போவது.

நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் ஒரு வண்டி சாய்ந்தால் அடுத்த வண்டி நிற்காது. நிற்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் டூர் டி பிரான்ஸில் 2022 ஜூலை 21-ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள்.

பிரனீஸ் மலை, பதினெட்டாவது கட்டம். மஞ்சள் சட்டையில் டென்மார்க்கின் யோனாஸ் விங்ககோர். அவரைவிட 2 நிமிடம் 18 விநாடி பின்தங்கியிருந்தவர், முந்தைய இரண்டு ஆண்டும் பட்டம் வென்ற ஸ்லொவேனியாவின் தாதேய் போகாச்சார். ஸ்பான்டெல் கணவாயிலிருந்து இறங்கும்போது போகாச்சார் திரும்பத் திரும்பத் தாக்குகிறார். முதலில் விங்ககோரின் சக்கரம் தடுமாறி, விழாமல் தப்புகிறது. சற்று நேரத்தில் ஒரு வளைவில் போகாச்சார் சரளைக்கல்லில் வழுக்கி விழுகிறார். தொடைப்பக்கம் உடை கிழிந்து தோல் உரிந்திருக்கிறது. எழுந்து மறுபடி ஏறுகிறார். விங்ககோர் அப்படியே போயிருந்தால் பந்தயம் அங்கேயே முடிந்தது. அவரோ மிதிப்பதை நிறுத்தி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மெதுவாக இறங்கினார். போகாச்சார் வந்து சேர்ந்ததும் கையை நீட்டினார். இரண்டு கைகளும் ஒரு கணம் தொட்டுக்கொண்டன.

பத்திரிகைகள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். எனக்கு முக்கியம் அடுத்து நடந்தது. அன்றைய கடைசி ஏற்றமான ஓட்டாக்காமில் அதே விங்ககோர் இரக்கமே பார்க்காமல் போகாச்சாரைக் கழற்றிவிட்டு, 1 நிமிடம் 4 விநாடி முன்னால் போய் ஜெயித்தார். பட்டமும் அவருக்கே.

மூன்று ஆண்டு கழித்து, 2025 ஜூலை 16-ல் துலூஸ் நகரத்தில் பந்தயம் முடிய நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது போகாச்சார் மறுபடி விழுந்தார். விங்ககோர் உட்பட முன்னணிக் குழு வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தது. மறுநாள் ஏற்றம் எங்கே? அதே ஓட்டாக்காம். இந்த முறை போகாச்சார் 2 நிமிடம் 10 விநாடி முன்னால் போனார். முந்தைய நாள் காத்திருந்தார்களே என்று ஒரு விநாடிகூட விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால்தான் அது அவமரியாதை.

இதைக் கருணை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். களைத்துப்போனவனுக்காக யாரும் காத்திருப்பதில்லை. முதல்நாள் சரியாகச் சாப்பிடாமல் மலையில் கால் செத்துப்போனவனுக்காகவும் காத்திருப்பதில்லை. அந்த இடத்தில்தான் ஓங்கி அடிப்பார்கள். கல்லும் ஆணியும் வீழ்த்தியவனுக்கு மட்டுமே அந்தச் சட்டம். காரணம், கல் ஜெயித்துக் கொடுத்த பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1971-ல் ஸ்பெயினின் லூயிஸ் ஒகான்யா 7 நிமிடத்துக்கு மேல் முன்னிலையில் இருந்தபோது, மாந்தே கணவாய் இறக்கத்தில் கொட்டுகிற மழையில் விழுந்து பந்தயத்தை விட்டே போனார். மஞ்சள் சட்டை தானாக, அடுத்த இடத்திலிருந்த எடி மெர்க்ஸிடம் வந்தது. மறுநாள் அதை அணிந்துகொள்ள மெர்க்ஸ் மறுத்துவிட்டார். பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் ஜெயித்தவரும் அவர்தான். ஒகான்யாவை உண்மையில் முந்தாமலே அவர் சட்டையைப் போட்டுக்கொள்ளக் கூச்சப்பட்டார். அந்தக் கூச்சத்துக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

அந்தச் சட்டம் எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. 2010-ல் பாலே கணவாய் ஏற்றத்தில் மஞ்சள் சட்டையிலிருந்த ஆண்டி ஷ்லெக் தாக்கிய அந்த நொடியில் அவருடைய செயின் கழன்றது. ஆல்பர்ட்டோ கொன்டடோர் காத்திருக்கவில்லை, போய்விட்டார். 31 விநாடி பின்னால் இருந்தவர் அன்று மாலை 8 விநாடி முன்னால் இருந்தார். வித்தியாசம் 39 விநாடி. பாரிஸில் பந்தயம் முடிந்தபோது இருவருக்கும் இடைவெளியும் அதே 39 விநாடி! ஷ்லெக்தான் தாக்கினார், கியர் மாற்றும்போது தவறு செய்தது அவர், அதற்கு இன்னொருவர் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. அன்றிரவே கொன்டடோர் வீடியோவில் மன்னிப்புக் கேட்டார். என்னைக் கேட்டால், பந்தயம் அதற்கு முன்பே சூடு பிடித்திருந்ததால் அவர்மேல் பாதிக் குற்றம்தான். பிறகு அந்தப் பந்தயத்திலேயே தடைசெய்யப்பட்ட மருந்து அவர் உடலில் இருந்தது தெரிந்து, 2012-ல் பட்டம் ஷ்லெக்கிடம் போனது தனிக்கதை.

மருந்தைச் சொன்னபின் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கைச் சொல்லாமல் விட முடியாது. 2001-ல் ஜெர்மனியின் யான் உல்ரிச் இறக்கத்தில் சாலையை விட்டுப் பள்ளத்தில் இறங்கியபோது ஆம்ஸ்ட்ராங் காத்திருந்தார். 2003-ல் லூஸ் ஆர்டிடான் ஏற்றத்தில், வேடிக்கை பார்த்தவர் ஒருவரின் பை கைப்பிடியில் மாட்டி ஆம்ஸ்ட்ராங் விழுந்தார். வெறும் 15 விநாடி பின்னால் இருந்த உல்ரிச் காத்திருந்தார். உலகமே கைதட்டியது. ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் 2012-ல் பறிக்கப்பட்டன. ரத்தத்தில் மோசடி செய்ததை உல்ரிச்சும் பிற்பாடு ஒப்புக்கொண்டார். சாலையில் இத்தனை மரியாதை காட்டிய இருவரும் ஊசியில் ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். கேமரா முன்னால் காட்டுகிற பெருந்தன்மை ஒரு பாதிதான். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்வதையும் சேர்த்துத்தான் ஒருவரை எடைபோட வேண்டும்.

அன்பே காட்டாத நேர்மையான போட்டியும் உண்டு. 1964 ஜூலை 12, புய் டி டோம் எரிமலை. ஜாக் ஆங்கத்திலும் ரேமோன் புலிதோரும் தோளோடு தோள் முட்ட ஏறுகிறார்கள். இருவரில் யாரும் மற்றவரின் பின்னால் ஒதுங்கவில்லை. முழங்கைகள் உரசுகிற அந்தப் படம் பிரான்ஸில் பல வீடுகளுக்குப் பரிச்சயம். கடைசியில் புலிதோர் 42 விநாடி முந்தினார், ஆனால் மஞ்சள் சட்டை 14 விநாடியில் ஆங்கத்திலிடமே தங்கியது. ஆங்கத்தில் ஐந்து முறை பட்டம் வென்றவர். புலிதோர் எட்டு முறை முதல் மூவரில் வந்தும், ஒரு நாள்கூட மஞ்சள் சட்டை அணியவில்லை. மக்கள் என்னவோ அவரைத்தான் அதிகம் நேசித்தார்கள். ஆங்கத்திலுக்கு அது ஆறாத எரிச்சல். ஓய்வுபெற்றபின் இருவரும் நண்பர்களானார்கள். 1987-ல் புற்றுநோயில் சாகக் கிடந்த ஆங்கத்தில், இதிலும் நீ எனக்கு அடுத்துத்தான் வரப்போகிறாய் என்று கேலி செய்ததாகப் புலிதோரே சொல்லியிருக்கிறார். 2021-ல் புலிதோரின் மகள்வழிப் பேரன் மத்தியூ வான் டெர் போல் மஞ்சள் சட்டை அணிந்தார். அதைப் பார்க்கத் தாத்தா உயிரோடு இல்லை.

இதுவரை ஓட்டுகிறவர்களின் பண்பைச் சொன்னேன். நடத்துகிறவர்களுக்கும் ஒரு பண்பு வேண்டும். 1913-ல் டூர்மலே மலையில் யூஜின் கிறிஸ்டோஃபின் முன் ஃபோர்க் உடைந்தது. வெளியாள் உதவி கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் சுமந்து மலையிறங்கி, ஒரு கிராமத்துக் கொல்லுப்பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சித் தானே அடித்து ஒட்டினார். அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுவன் துருத்தி ஊதினான் என்பதற்காக 10 நிமிடத் தண்டனை போட்டார்கள். பின்பு மூன்றாகக் குறைத்தார்கள். இன்று அதே பந்தயத்தில், எந்த அணியையும் சேராத பழுதுபார்ப்பு வண்டி, மாற்றுச் சக்கரத்தோடு எல்லோருக்குமாகப் பின்னாலேயே வருகிறது.

நம் ஊருக்கு வருகிறேன். அண்ணா பிறந்தநாளை முன்னிட்டு மாவட்டந்தோறும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவு. பையன்களுக்கு 15, 20, 20 கிலோமீட்டர்; பெண் பிள்ளைகளுக்கு 10, 15, 15. சாதாரண கைப்பிடி வைத்த, நம் நாட்டில் செய்த சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். இது நல்ல விதி, பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே இரும்பை மிதிக்கிறார்கள். ஆனால் சாதாரண சைக்கிளில் செயின் கழலும்.

ஒரு பந்தயத்தில் நானே பார்த்தேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். நல்ல இடத்தில் வந்துகொண்டிருந்த பையனுக்குச் செயின் கழன்றது. முழுக் கவர் போட்ட சைக்கிள், திருகைக் கழற்றாமல் உள்ளே கை போகாது. இடுக்கில் இரண்டு விரலை விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். விரலெல்லாம் கிரீஸ். தாண்டிப் போன பிள்ளைகளில் ஒருத்தன் நின்று பார்த்துவிட்டு, பிறகு போய்விட்டான். அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு யாரும் அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்ததில்லை, அது டூர் டி பிரான்ஸும் இல்லை. ஒரு சைக்கிள் கடைக்காரரை ஸ்பேனரோடு பைக்கில் பின்னால் அனுப்பியிருந்தால் அந்தப் பையன் இரண்டு நிமிடத்தில் மறுபடி ஏறியிருப்பான்.

ஆகவே அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டு வட்டியில் கேடயம் வாங்க வேண்டாம். சாத்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பந்தயம் எங்கே நடந்தாலும், நடத்துகிறவர்களின் அனுமதி பெற்று, பழுதுபார்க்கத் தெரிந்த இரண்டு கடைக்காரர்களுக்கு ஒருநாள் கூலி கொடுத்து, டியூபும் செயினும் மாற்றுச் சைக்கிள் இரண்டும் ஏற்றிய ஒரு குட்டியானையைக் கூடவே அனுப்புங்கள். வண்டியின் பக்கவாட்டில் அந்த ஆசிரியரின் பெயரை எழுதிவிடுங்கள்.