செருப்புக்கு டோக்கன் உண்டு, துப்பாக்கிக்கு உண்டா?



'ஆயுதம் கூடாது' என்று கடைக்காரரோ முதலாளியோ சொல்லிவிட்டால், துப்பாக்கி வைத்திருப்பவர் கட்டுப்பட வேண்டுமா, மீறலாமா? கட்டுப்படத்தான் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். நான் பெரிய பேச்சாளர் இல்லீங்க. ஹூஸ்டன் பக்கத்துல வீட்டுக்காரரும் நானுமா ஒரு மளிகைக் கடை நடத்துறோம். கறிவேப்பிலை விக்கிறவளுக்குத் துப்பாக்கியைப் பத்தி என்ன பேச்சுன்னு நினைக்காதீங்க. இந்த ஊர்ல கறிவேப்பிலை வாங்க வர்றவர் இடுப்புலயும் துப்பாக்கி இருக்கும். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல லைசென்ஸ்கூட வேண்டியதில்லை.

வேண்டாம்னு நான் சொல்லலாமா? சொல்லலாம். அதுக்கு ஒரு முறை இருக்கு. லைசென்ஸ் உள்ளவர் மறைச்சுக் கொண்டுவந்தா அவருக்கு 30.06ன்னு ஒரு பலகை. வெளியே தெரியுற மாதிரி மாட்டிக்கிட்டு வந்தா 30.07. லைசென்சே இல்லாம வர்றவருக்கு 30.05. எல்லாம் சட்டப் பிரிவோட நம்பருங்க. சட்டம் கொடுத்த வாசகத்தை அப்படியே ஆங்கிலத்துலயும் ஸ்பானிஷ்லயும் போடணும். எழுத்து ஒரு அங்குல உயரம் இருக்கணும். மூணையும் மாட்டினதுல எங்க கடைக் கதவுல தீபாவளி ஸ்வீட் விளம்பரம் ஒட்ட இடமில்லை! (சிரிப்பு)

லைசென்ஸ்காரர் பலகையைத் தாண்டி உள்ளே வந்தா 200 டாலருக்கு மேல போகாத அபராதம். நேர்ல 'வெளியே போங்க'ன்னு சொல்லியும் போகலைன்னாத்தான் குற்றம் பெரிசாகுது. அந்த 'வெளியே போங்க'வை யார் சொல்றது? எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பார். (பலத்த சிரிப்பு) சிரிக்காதீங்க, ஸ்டார்பக்ஸே இதுக்குத் தயங்கினாங்க. 2013ல் அதன் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். துப்பாக்கியோடு வராதீர்கள் என்று வேண்டுகோள்தான் வைத்தார், தடை போடவில்லை. ஆயுதத்தோடு நிற்பவர் முன்னால் தன் ஊழியரை நிறுத்த மனம் வரவில்லை என்று காரணமும் சொன்னார்.

எதிரணித் தம்பி 'என் உரிமை, என் உரிமை'ன்னு ஏழெட்டுத் தடவை சொன்னார். உரிமை இல்லைன்னு யார் சொன்னது? வீட்டுக்கு வெளியிலும் எடுத்துச் செல்லும் உரிமை உண்டு என்று 2022ல் நியூயார்க் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் தம்பி, அந்த உரிமை யாருக்கு எதிரா? அரசாங்கத்துக்கு எதிரா. என் கடைக்கு எதிரா இல்லை. பேச்சுரிமை இருக்குன்னு என் வீட்டுக் கூடத்துல வந்து மைக் போட்டா விடுவேனா?

அப்புறம் லூபிஸ் கதையைச் சொன்னார். அரங்கமே அடங்கிப்போச்சு. 1991 அக்டோபர் 16. இதே டெக்சாஸில் கிலீன் நகரம். ஒருவன் வண்டியை லூபிஸ் உணவகத்தின் கண்ணாடிச் சுவரை உடைத்து உள்ளே விட்டான், 23 பேரைச் சுட்டுக் கொன்றான். சுசானா ஹப் என்ற பெண் அம்மா அப்பாவோடு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைத்துப்பாக்கி வைத்திருந்தவர்தான், ஆனால் அது காரில் இருந்தது. பெற்றவர்கள் இரண்டு பேரையும் அங்கேயே பறிகொடுத்தார். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார், சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். 1995ல் டெக்சாஸில் லைசென்ஸோடு மறைத்து எடுத்துச் செல்லும் சட்டம் வந்ததில் அந்தக் கண்ணீருக்குப் பங்கு உண்டு.

இதுல கேலி பேச எனக்கு வாய் வராது. ஒண்ணு மட்டும் கேட்கிறேன். அந்த அம்மா துப்பாக்கியை ஏன் காரில் விட்டுட்டுப் போனார்? லூபிஸ் வாசல்ல பலகை இருந்ததாலயா? இல்லை தம்பி. கைப்பையில் மறைத்து எடுத்துப்போவது அன்றைக்கு மாநிலச் சட்டப்படியே குற்றம். தடுத்தது அரசாங்கம். அரசாங்கம் தடுத்த கதையைக் கொண்டுவந்து கடைக்காரர் தலையில கட்டலாமா? (கைதட்டல்)

நீங்க இதைவிட வலுவான கேஸைச் சொல்லியிருக்கணும். சொல்லலை. நானே எடுத்துக் கொடுக்கிறேன். 2011, மிச்சிகன் மாநிலம். வால்கிரீன்ஸ் மருந்துக் கடையில் ராத்திரி வேலை பார்த்த மருந்தாளுநர். அதே கடையில் முன்பே ஒரு கொள்ளையைப் பார்த்தவர். அன்று துப்பாக்கியோடு கொள்ளையர்கள் நுழைய, சட்டைப் பையில் வைத்திருந்த தன் துப்பாக்கியால் சுட்டார். யாருக்கும் காயமில்லை. ஆனால் கொள்ளையின்போது மோதலைப் பெரிதாக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. வேலை போயிற்று. வழக்குப் போட்டார். 2014ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கம்பெனி பக்கம்தான் நின்றது.

சட்டப்படி சரி. எங்க அணிக்கும் வெற்றி. ஆனா அந்த மனுஷனை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை. நடுவர் ஐயா, இதை எங்க அணிக்காரங்களே ரசிக்க மாட்டாங்க, இருந்தாலும் சொல்றேன். வேண்டாம்னு சொல்ற உரிமை முதலாளிக்கு உண்டு. அந்த உரிமைக்கு ஒரு விலையும் உண்டு.

நாம கோயிலுக்குப் போறோம். செருப்பைக் கழட்டுன்னு சொன்னா கழட்டுறோம். செருப்பு போடுறது என் பிறப்புரிமைன்னு யாராவது கொடிமரத்துக்கிட்ட நின்னு சண்டை போட்டிருக்கோமா? ஆனா கழட்டச் சொன்ன கோயில்ல செருப்பு பார்த்துக்க ஒரு ஆள் இருப்பார், டோக்கன் கொடுப்பார். ஐம்பது ரூபாய் ரப்பர் செருப்புக்கு டோக்கன். இங்கே ஐந்நூறு டாலர் துப்பாக்கிக்கு? போய்க் காரில் வெச்சுட்டு வா, அவ்வளவுதான். (சிரிப்பு)

அந்தக் காரிலும் வைக்கக் கூடாதுன்னு சொன்ன கம்பெனி உண்டு. 2002ல் ஓக்லஹோமாவில் வேயர்ஹாசர் காகித ஆலை, கார் நிறுத்துமிடத்தில் மோப்ப நாயை விட்டுத் தேடி, வண்டியில் துப்பாக்கி வைத்திருந்தவர்களை வேலையை விட்டே அனுப்பியது. வேட்டைக்குப் போகும் ஊர் அது, எல்லார் வண்டியிலும் ஏதாவது இருக்கும். கொதித்துப் போனார்கள். பூட்டிய காரில் வைத்திருப்பதை முதலாளி தடுக்கக் கூடாது என்று 2004ல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. கம்பெனிகள் வழக்குப் போட்டு 2007ல் ஜெயித்தன, 2009ல் மேல்முறையீட்டில் தோற்றன. 2011ல் நம்ம டெக்சாஸும் சில விதிவிலக்குகளோட அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆலைக்குள்ள முதலாளி பேச்சு, காருக்குள்ள தொழிலாளி பேச்சு. ஞாயமான பாகப்பிரிவினைதான். ஆனா கார் கண்ணாடி இரும்புப் பெட்டி இல்லையே! ஒரு கல்லு போதும். உள்ள இருந்தது திருடன் கையில.

எங்க கடையில கல்லாவுல ஒரு பையன் நிக்கிறான். போன வருஷம் பக்கத்துப் பெட்ரோல் பங்க்கில் கொள்ளை நடந்த மறுநாள், 'ஆன்ட்டி, நானும் ஒரு துப்பாக்கி வெச்சுக்கட்டுமா?'ன்னு கேட்டான். கூடாதுன்னேன். அரிசி மூட்டைக்கு நடுவுல, குழந்தைங்க ஓடுற கடையில, பதட்டத்துல அவன் சுட்டா குண்டு யார் மேல பாயும்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் எதிர்த்துப் பேசலை. 'சரி ஆன்ட்டி, ராத்திரி பதினோரு மணிக்குப் பூட்டிட்டு நான் கார் வரைக்கும் தனியா நடக்கிறப்போ யாரு இருப்பா?'ன்னு மட்டும் கேட்டான்.

எனக்கு மூணு பலகையும் கண்ணு முன்னால வந்து நின்னுது. ஒரு அங்குல எழுத்து. அதுல இதுக்குப் பதில் எங்கே இருக்கு?

இந்த நாட்டுத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை, ராத்திரிக் கடைகளுக்காக 1998லேயே ஆலோசனை எழுதி வெச்சிருக்கு. நல்ல வெளிச்சம் போடு, வெளியிலிருந்து கல்லா தெரியுற மாதிரி கண்ணாடியை மறைக்காம வை, போட்டா திரும்ப எடுக்க முடியாத உண்டியல் மாதிரிப் பெட்டகம் வைன்னு வரிசையா இருக்கு. படிச்சோம். ஜன்னல்ல இருந்த சினிமா போஸ்டரையெல்லாம் கிழிச்சோம். பெட்டகம் வாங்கினோம். ராத்திரி ரெண்டு பேர் இல்லாம கடை கிடையாது. பதினோரு மணிக்கடை ஒன்பது மணிக்கடை ஆச்சு. அந்த ரெண்டு மணி நேர வியாபாரம்தான் எங்களுக்கு வாடகை. வீட்டுக்காரர் இன்னும் கணக்கு நோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுறார். விடட்டும். நான்தானே வேண்டாம்னு சொன்னேன், நான்தானே கொடுக்கணும்? (கைதட்டல்)

மணி அடிச்சுட்டாங்க. இதோ முடிச்சுட்டேன் ஐயா. துப்பாக்கிக்காரர் எங்க பலகைக்குக் கட்டுப்படணும்னு தீர்ப்பு எழுதுங்க. எழுதும்போது, பலகை மாட்டினவர் ராத்திரி விளக்கையும் போடணும்னு ஒரு வரி சேர்த்து எழுதுங்கன்னு கேட்டுக்கிறேன்.