நெரிசல் நகரின் நடைவழிகள்

அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் ஹாங்காங்கில் நடப்பதற்குக் காடு ஏது என்று வியப்போர் பலர். ஆனால் அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு, கட்டடங்கள் பெருகாமல் காக்கப்படும் இயற்கைப் பகுதிகளாகும். அவற்றுள் பெரும்பாலானவை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நாட்டுப்புறப் பூங்காக்கள், அதாவது பொதுமக்கள் உலாவுவதற்கெனப் பேணப்படும் மலைகளும் காடுகளும் ஆகும். கிணற்றடியில் அழுக்குச் சேராமல் வீட்டார் பார்த்துக்கொள்வது போல, குடிநீர்த் தேக்கங்களுக்கு மழைநீரைத் தரும் மலைச்சரிவுகளான நீர்ப்பிடிப்புப் பகுதிகள் தூய்மையாக இருக்க வேண்டியிருந்ததும், அங்கே பசுமை தப்பியதற்கு ஒரு காரணமாயிற்று. அங்கே 1979-இல் திறக்கப்பட்ட, 100 கிலோமீட்டர் நீளமுள்ள மெக்லிஹோஸ் நடைவழி பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரு விடுமுறைக்கு ஒரு பகுதி என நடந்தே அதை முடிக்கலாம். நெரிசலான நகரிலும் பசுமை உண்டு. அதை நடப்பவரே காண்பர் என்பதால், நேயர்கள் இந்த ஞாயிறன்று தம் ஊர் ஏரிக்கரையில் நடந்து பார்ப்பது நன்று.