தூக்கிப் போடுகிறவன் பொறுப்பு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பாலம் கட்டுறதைப் பத்திப் பேசுவான்னு பார்த்தா, குஸ்தியைப் பத்திப் பேசறானே!" என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. தர்மபுரி பஸ் நிலையத்துக் கடையில் மல்யுத்த வீரர் படம் போட்ட ட்ரம்ப் கார்டு வாங்கி வளர்ந்தவன் நான். வேறென்ன பேசுவேன்?

"அதெல்லாம் நடிப்புப்பா" என்பார்கள். பாதி உண்மை. 1910-இல் லண்டனில் நம் காமா பயில்வானும் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவும் நிஜமாகவே மோதினார்கள். ஸ்பிஸ்கோ தரையோடு படுத்தே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார். வெற்றி தோல்வி இல்லை. 1928-இல் பாட்டியாலாவில் ஒரே நிமிடத்துக்குள் காமா அவரைச் சாய்த்தார். நிஜக் குஸ்தி ஒன்று ஜவ்வாக இழுக்கும், இல்லையேல் கண் சிமிட்டுவதற்குள் முடியும். டிக்கெட் வாங்கினவருக்கு இரண்டுமே நஷ்டம். அதனால்தான் முடிவைப் பேசி வைத்து ஆடும் தொழில்முறை மல்யுத்தம் வளர்ந்தது. தாரா சிங், கிங்காங் மோதல்களுக்கு நம் நாட்டில் கூட்டம் அலைமோதியது. 1989-இல் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே, இது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று அரசிடம் ஒப்புக்கொண்டது.

முடிவுதான் பேசி வைத்தது, விழுவது நிஜம். மேடை என்பது இரும்புச் சட்டம், பலகை, மெல்லிய மெத்தை, மேலே கான்வாஸ், அவ்வளவுதான். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் படும்படி விழவேண்டும். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். பரப்பு குறைந்தால் எலும்பு போச்சு! தூக்குகிறவன்தான் விழுகிறவனின் கழுத்துக்குக் காவல்.

இது தெரியாமல், விடுதியில் மெத்தையை விரித்து நண்பன் ஒருவனைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டேன். தோள்பட்டை எலும்பு முறிந்து, அந்த செமஸ்டர் பரீட்சையே எழுத முடியாமல் போனது அவனுக்கு. "படியில வழுக்கிட்டேன் சார்" என்று வார்டனிடம் சொல்லி என்னைக் காப்பாற்றினான். இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறான். இத்தனை வருஷமாகக் கேட்காத மன்னிப்பை இந்த மேடையில் கேட்கிறேன். மன்னிச்சிடுடா.

இமாச்சலத்தில் பிறந்த கிரேட் காளி 2007-இல் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றார். 2015-இல் ஜலந்தரில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே பயின்ற கவிதா தேவி 2017-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தில் ஒப்பந்தமானார். 2023-இல் ஹைதராபாத்திலேயே அந்நிறுவனம் நிகழ்ச்சி நடத்தியது. ஆசைப்படும் தம்பி தங்கைகள் தாராளமாகப் போகலாம். ஆனால் முறையாகக் கற்றுக்கொண்டு போங்கள். விடுதி மெத்தையில் மட்டும் வேண்டாம்!

பொறியாளர் தொழிலும் இதுதான். நம்மை நம்பித் தன்னை ஒப்படைத்தவரைப் பத்திரமாகத் தரையிறக்க வேண்டும்.